தூசிப்படை
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



போர்க்கதை பேச வந்திருக்கிறோம். 1983 முதல் 2009 வரை உள்நாட்டு யுத்தத்தினால் வெந்த நாட்டிலே, போரைப் புகழ்ந்து பேச எமக்கு மனம் இல்லை. ஆனால் ஒரு சமுதாயத்தின் குணம் அதன் போர்க்களத்திலே நன்றாக வெளிப்படும். யாரை முன்னே அனுப்புகிறார்கள், யாரை நடுவிலே வைத்துப் போற்றுகிறார்கள், வென்றபின் யார் பெயரை எழுதிவைக்கிறார்கள் என்று பார்த்தால், அந்தச் சமுதாயத்தை அறிந்துகொள்ளலாம். அந்த நோக்கத்துடனேயே இன்றைய பேச்சு.

பழந்தமிழிலே சேனையின் முன்னே செல்லும் படைக்குத் தூசி என்றும், பின்னே வரும் படைக்குக் கூழை என்றும் பெயர். தூசி என்றாற் புழுதி என்றும் பொருள். முன்னே சென்று முதல் அம்பை ஏற்றவனை உலகம் பெரும்பாலும் இரண்டாவது பொருளிலேயே மதித்து வந்திருக்கிறது.

உடப்புத் திரௌபதியம்மன் கோயிலிலே தீமிதிப்புப் பார்த்தும் பாரதக் கதை கேட்டும் வளர்ந்தவர்கள் இந்தச் சபையிற் பலர். ஓர் அக்குரோணி சேனைக்கு 21,870 தேர், 21,870 யானை, 65,610 குதிரை, 1,09,350 காலாள் என்பது கணக்கு. குருக்ஷேத்திரத்திலே நின்றவை 18 அக்குரோணி. அப்படியானாற் காலாட்கள் மட்டும் 19 இலட்சத்து 68 ஆயிரத்து 300 பேர். தேரேறிய அருச்சுனனையும் கன்னனையும் குழந்தைக்கும் தெரியும். இத்தனை இலட்சம் காலாட்களுள் ஒருவனுடைய பெயராவது நமக்குத் தெரியுமா?

கிரேக்க தேசத்திலும் இதே நிலைதான். அங்கே வெண்கலத் தலைக்கவசமும் பெரிய வட்டக் கேடயமும் நீண்ட ஈட்டியும் தன் செலவில் வாங்கக்கூடியவனே அணிவகுப்பில் நின்றான். அவன் பெரும்பாலும் நிலமுள்ள குடிமகன், அவனுக்கே மதிப்பு. வாங்க வசதியில்லாதவன் கல்லும் கவணும் எறியீட்டியும் கொண்டு முன்னே ஓடினான். திரேஸ் நாட்டிலிருந்து வந்தவர்கள் பிறை வடிவான சிறு கேடயம் பிடித்தார்கள். அதன் பெயர் பெல்தே. அதனால் அவர்களைப் பெல்தாஸ்தர் என்றார்கள். எறிவதும், ஓடுவதும், திரும்பி வந்து மறுபடி எறிவதும் அவர்கள் தொழில். நின்று போர் செய்யாதவன் வீரனா என்று அணியில் நின்றவன் இகழ்ந்தான்.

அந்த இகழ்ச்சிக்கு விலை கொடுக்க நேர்ந்தது. கி.மு. 426இல் ஏதென்ஸ் நகரத்துச் சேனாதிபதி தெமொஸ்தெனீஸ், ஈத்தோலியா என்னும் மலைநாட்டின்மேற் படையெடுத்தான். மலைவாசிகள் குன்றுகளிலிருந்து இறங்கி எறியீட்டிகளை வீசினார்கள். கவசம் பூண்டவர்கள் நெருங்கினாற் பின்வாங்கினார்கள். அவர்கள் திரும்பினாற் பின்தொடர்ந்தார்கள். ஏதென்ஸ் படையின் வில்லாளரிடம் அம்புகள் இருக்கும்வரை படை நின்றது. வில்லாளரின் தலைவன் விழுந்தான், அவர்களும் சிதறினார்கள். வழிகாட்டியும் இறந்துபோனான். 120 ஏதென்ஸ் வீரர்கள் அந்த மலைகளிலே மடிந்தார்கள்.

தெமொஸ்தெனீஸ் தோற்றான், ஆனால் கற்றுக்கொண்டான். மறு ஆண்டு, ஸ்பாக்டீரியா என்னும் சிறு தீவிலே 420 ஸ்பார்ட்டப் படையினர் அகப்பட்டபோது, அவர்களுடைய அணிவகுப்பை நேருக்கு நேர் மோதவில்லை. வில்லாளரையும் கல்லெறிவோரையும் எறியீட்டிக்காரரையும் சுற்றிலும் மேட்டுநிலங்களில் நிறுத்தினான். இறக்கலாமே அன்றி ஸ்பார்ட்டர் சரணடையார் என்று கிரேக்க உலகம் நம்பியிருந்தது. அன்று 292 பேர் ஆயுதத்தைக் கீழே போட்டார்கள்.

ஸ்பார்ட்டர் இதிலிருந்து பாடம் படித்தார்களா? இல்லை. பிள்ளைகள் பூச்சாண்டிக்கு அஞ்சுவதுபோற் பெல்தாஸ்தருக்கு அஞ்சுகிறீர்களே என்று தங்கள் நேசப்படையினரைப் பரிகாசஞ் செய்தார்கள் என்று செனொபன் எழுதியிருக்கிறான். கி.மு. 390இல் கொரிந்து நகரருகே, இலெக்கேயம் செல்லும் வழியில், ஏறக்குறைய 600 பேர் கொண்ட ஸ்பார்ட்டப் படைப்பிரிவை இபிக்கிராதீஸ் என்பவனுடைய பெல்தாஸ்தர் மறித்தார்கள். ஸ்பார்ட்டர் துரத்தினார்கள், இவர்கள் ஓடினார்கள், துரத்தியவர்கள் களைத்துத் தனித்தனியாகத் திரும்பும்போது முதுகிலும் விலாவிலும் ஈட்டி பாய்ந்தது. அன்று மாண்ட ஸ்பார்ட்டப் படையினர் ஏறக்குறைய 250 பேர்.

இவை நாம் மிஷன் பாடசாலையிலே படித்த கதைகள். இதே பாடத்தை நமது தீவின் மலைநாடு பலமுறை நடத்திக் காட்டியிருக்கிறது என்பதைப் பின்னரே நாமாகத் தேடிப் படித்தோம்.

1660இல் மூதூருக்கு அண்மையிலுள்ள கொட்டியாரத்திலே சிறைப்பட்டு, 1679இல் அரிப்புக்குத் தப்பி வந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், கண்டிப் படைவீரனைக் கண்ணாரக் கண்டவர். 1681இல் வெளிவந்த தமது நூலிலே அவர் சொல்வது இது: கண்டியர் வெளியான களத்திலே எதிரியைச் சந்திப்பது அரிது, ஒடுங்கிய பாதைகளிலும் காட்டிலும் பதுங்கியிருப்பதே அவர்கள் முறை. ஒவ்வொருவனும் தன் உணவைத் தானே சுமந்து போவான். தாளிப்பனை ஓலை ஒன்றையும் எடுத்துக்கொள்வான். மழையிலே அது குடை. இரவிலே அதுவே கூடாரம். இவர்கள் கூலிப்படையினர் அல்லர். இராசகாரியம் என்னும் கடமைக்காக வயலை விட்டு வந்த கமக்காரர்.

போர்த்துக்கேயரிடம் கவசமும் பீரங்கியும் இருந்தன. எனினும் காட்டிலே வழிகாட்டவும் முன்னேயும் பின்னேயும் காவல் செய்யவும் கரைநாட்டுச் சிங்களவர்களான லஸ்கரீன் படையினரையே நம்பினார்கள். நம்பினார்களே அன்றி மதிக்கவில்லை. 1594இல் பேதுரு லோபெஸ் தெ சோசா கண்டியின்மேற் படையெடுத்தபோது, லஸ்கரீன் படைத் தலைவன் சயவீர முதலியைச் சந்தேகித்துக் கொன்றார்கள். அவனுடைய ஆட்கள் கலைந்து போனார்கள். கண்ணும் காதும் போன படை தந்துறையிலே விமலதர்மசூரியனிடம் அழிந்தது. 1630இல் கொன்ஸ்தந்தீனு தெ சா பதுளையை எரித்துவிட்டுத் திரும்பும்போது, லஸ்கரீன் தலைவர்கள் எதிர்ப்பக்கம் சேர்ந்தார்கள். ரந்தெனிவெலவிலே தெ சாவும் அவனுடைய சேனையும் மாண்டன.

போர்த்துக்கேயர் இதைத் துரோகம் என்றார்கள். நாம் கேட்பது வேறு. ஒருவனை உயிரைக் கொடுக்க முன்னே அனுப்பி, பந்தியிலே பின்னே இருத்தினால், அவன் எத்தனை நாள் உடன் நிற்பான்?

இப்பொழுது நமது கரைக்கு வருவோம். 1764இல் ஒல்லாந்தத் தேசாதிபதி வன் எக், கீர்த்தி சிறீ இராசசிங்கனுடைய கண்டியை நோக்கி ஆறு வழியாகப் படை அனுப்பினான். சிலாபம் ஒன்று, புத்தளம் ஒன்று. மற்றவை நீர்கொழும்பு, கொழும்பு, காலி, மாத்தறை. நாம் நித்தம் நடக்கும் இந்த மண்ணிலிருந்தே அந்தப் பாரச் சேனை புறப்பட்டது. மலைப்பாதைகளிலே கண்டியரின் பதுங்கித் தாக்கும் முறைக்கு முன் அம்முயற்சி பலிக்கவில்லை.

வன் எக்கும் தெமொஸ்தெனீஸைப் போலத் தோல்வியிலே கற்றான். மறு ஆண்டு, வாளையும் துப்பாக்கி முனைக் கத்தியையும் விட்டுக் காடு வெட்டும் கத்தியைத் தன் வீரர்களுக்குக் கொடுத்தான், உடையை இலேசாக்கினான், நடையை விரைவாக்கினான். 1765 பெப்ரவரியிலே கண்டி நகர் அவன் கையில் விழுந்தது. ஆனால் அரசன் முன்னரே பின்வாங்கிவிட்டான். நோயும் பட்டினியும் ஒல்லாந்தரை வாட்டின. வன் எக் ஏப்ரிலில் இறந்தான். அவ்வாண்டு முடியுமுன் அவனுடைய படை கண்டியை விட்டு வெளியேறியது.

இங்கே கதையை முடித்தால் இலேசான படையே என்றும் வெல்லும் என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. 1766 பெப்ரவரி 14ஆம் திகதி ஏற்பட்ட உடன்படிக்கையிலே கண்டியரசன் தீவின் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தருக்கு விட்டுக்கொடுத்தான். நமது கரையும் அதில் அடங்கியது. மலையிலே காடும் கணவாயும் துணை நின்றன. கரையிலோ 1676இல் கட்டிமுடித்த கற்பிட்டிக் கோட்டை போன்ற கோட்டைகளும் கப்பல்களும் வைத்திருந்தவன் மீண்டும் மீண்டும் வரலாம். பதுங்கித் தாக்குபவன் எதிரியைத் துரத்துவான். துரத்திய நிலத்திலே நிலைத்து நிற்க வேறொரு பலம் வேண்டும். இபிக்கிராதீஸ் வென்ற நாளிலும் கொரிந்து நகரத்தருகே ஏதென்ஸின் கவசப்படை அணிவகுத்து நின்றது. அது நெருங்கி வருவதைக் கண்டபோதே ஸ்பார்ட்டர் முற்றாக முறிந்தோடினார்கள்.

ஆகவே நாம் சொல்ல வந்தது இவ்வளவே. அணியில் நிற்பவனை முன்னே ஓடுபவன் காக்கிறான். முன்னே ஓடுபவன் பெற்றதை அணியில் நிற்பவன் நிலைநிறுத்துகிறான். ஒருவனை ஒருவன் இகழ்ந்த இடத்திலே இருவரும் அழிந்தார்கள்.

நமது கரைவலையைப் பாருங்கள். கயிற்றின் ஒரு தலையைக் கரையிலே பிடித்திருக்க, தோணி வலையை வளைத்துக்கொண்டு மறுதலையோடு திரும்பி வருகிறது. தோணி போகாவிட்டால் வலை விழாது. கரையிலே பிடிக்காவிட்டால் வலை மிஞ்சாது. தோணியில் நின்றவனுக்கும் கயிறு இழுத்தவனுக்கும் பங்கு உண்டு. பங்கு தவறினால் மறுநாள் இழுக்க ஆள் வராது.

பெரியோர்களே! திருவிழாவிலே தண்ணீர்ப்பந்தல் போடவும் வாழை கட்டவும் பந்தற்கால் நாட்டவும் இளைஞர்களை அழைக்கிறீர்கள். நாங்களும் மகிழ்ச்சியோடு வருகிறோம். கணக்குப் பார்க்கும் இடத்திலும் முடிவு செய்யும் இடத்திலும் எங்களுக்கு ஒரு பாயை விரித்துக் கொடுங்கள். ஊரை விட்டுக் கொழும்புக்கும் கடல்கடந்தும் இளைஞர் போவதற்குப் பிழைப்பு ஒன்றே காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். தனக்கு ஊரிலே ஓர் இடம் உண்டென்று அறிந்தவன் எங்கே போனாலும் திரும்பி வருவான்.

இளைஞர்களே! ஓடவும் எறியவும் நமக்குத் தெரியும். நிலைத்து நிற்கப் பெரியோரிடமே கற்கவேண்டும். சங்கக் கூட்டத்திலே நாலு வார்த்தை காரமாகப் பேசிவிட்டு மறுமாதம் வராமல் இருப்பது எளிது. அப்படிச் செய்தால் தூசிப்படை என்ற பெயரிலே புழுதிதான் நமக்கு மிஞ்சும்.

பாரதத்துக் காலாட்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. நமது சங்கத்திலே பந்தற்கால் நாட்டியவனுடைய பெயர் கிடைக்காமற் போக வேண்டியதில்லை. இந்த ஆண்டு மலரிலே பொறுப்பாளர்களின் பெயர்களோடு அவர்கள் பெயர்களையும் ஒரு பக்கத்தில் அச்சிடுங்கள் என்று கேட்டு, எமது உரையை முடித்துக்கொள்ளுகிறோம்.