அண்டை மண்ணும் நம் மண்ணும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நமது கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், அண்டை நாடுகளின் பொருளாதார வளர்ச்சியை ஒப்பிட்டுப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். பிள்ளைகளின் படிப்பையும் உதவித் தொகையையும் பற்றிப் பேசவேண்டிய மேடையில் இப்பொருள் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. பாளையங்கோட்டையிலிருந்து மேற்கே மலையைத் தாண்டினால் கேரளம். கிழக்கே தூத்துக்குடிக் கடலைத் தாண்டினால் இலங்கை. நடுவே தாமிரபரணிக் கரையில் நாம். மூன்று மண்ணும் ஆங்கிலேயர் அதிகாரத்தின்கீழ் இருந்தவை. மூன்றிலும் நெல் உண்டு, தென்னை உண்டு, தேயிலை உண்டு. மூன்றிலும் சேற்றில் இறங்கியும் மலையில் ஏறியும் உழைத்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். ஆயினும் இம்மூன்றும் மூன்று வழிகளில் சென்றன. எந்த வழியில் சென்ற நாடு நம்மவரை எங்கே கொண்டுபோய் நிறுத்திற்று என்று கேட்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

பொருளியல் வல்லுநர்கள் இத்தகைய ஒப்பீட்டுக்கு வழக்கமாக எடுத்துக்கொள்வது கரிபியன் கடல் தீவுகளை. அங்கே ஒரே தீவை இரண்டாகப் பங்கிட்டுக்கொண்டு ஹைத்தியும் டொமினிக்கன் குடியரசும் இருக்கின்றன. 1960 வாக்கில் இரு நாட்டாரின் சராசரி வருமானமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. இன்றோ டொமினிக்கன் மக்களின் வருமானம் ஹைத்தி மக்களுடையதைப்போல் பல மடங்கு. அடிமைகளாக இருந்த கறுப்பு மக்கள் போராடி 1804இல் விடுதலை பெற்ற நாடு ஹைத்தி. அந்த விடுதலைக்கு விலையாக, 1825இல் பிரான்சு அந்நாட்டின்மேல் 15 கோடி பிராங்க் தண்டம் சுமத்திற்று. அடிமைகளை இழந்த முதலாளிகளுக்கு, அடிமைகளாய் இருந்தவர்களே இழப்பீடு கொடுத்தார்கள்! அக்கடன் பல தலைமுறைகளைத் தின்றது. பிற்காலத்துச் சர்வாதிகாரமும் நிலநடுக்கமும் எஞ்சியதைத் தின்றன.

அத்தீவுகள் நமக்கு முற்றும் அயல் அல்ல. காரைக்காலிலிருந்து கப்பலேறிய தமிழர்களின் வழித்தோன்றல்கள் குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் இன்றும் வாழ்கின்றனர். அங்கே செயிண்ட் லூசியா என்னும் சிறு தீவில் 1915இல் பிறந்தவர் ஆர்தர் லூயிஸ். பொறியாளராக வேண்டுமென்பது அவருடைய ஆசை. ஆனால் கறுப்பருக்கு அரசும் வெள்ளையர் நிறுவனங்களும் பொறியாளர் வேலை தருவதில்லை என்பதால் வேறு துறைக்குத் திரும்பினார். அவரே 1979இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். வேளாண்மையில் தேவைக்கு மேல் தேங்கிக் கிடக்கும் உழைப்பாளர்களைத் தொழில்துறை ஈர்த்துக்கொள்ளும்போதுதான் ஏழை நாடு வளரும் என்பது அவர் 1954இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரம்.

இளைஞர்கள் இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். லூயிஸ் அதை எழுதுவதற்கு 36 ஆண்டுகள் முன்பே, 1918இல், இந்தியாவின் சிறு நிலங்களைப் பற்றி அண்ணல் அம்பேத்கர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். நிலம் துண்டுபட்டுக் கிடப்பது நோயன்று, நோயின் அறிகுறி. வேறு வேலை இல்லாமல் எல்லாரும் நிலத்தையே அண்டிக் கிடப்பதுதான் நோய். தொழில் பெருக்கமே மருந்து என்பது அவர் கருத்து. அண்ணலைச் சட்ட மேதையாகச் சிலைகளில் காண்கிறோம். கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளியலில் முனைவர் பட்டங்கள் பெற்றவர் அவர் என்பதை நம் வீடுகளில் எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்?

இனிக் கேரளத்துக்கு வருவோம். நம் ஊர்களில் கேரளத்தைப் புகழாதவர் இல்லை. புகழத் தக்கதே. 2011 கணக்கெடுப்பின்படி அங்கே எழுத்தறிவு 94 விழுக்காடு. தமிழ்நாட்டில் 80 விழுக்காடு. 2020இல் பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்கு ஆறு பேரையே ஓராண்டு நிறைவதற்குள் கேரளம் இழந்தது. நாம் 13 பேரை இழந்தோம். இந்தியா முழுமைக்கும் 28 பேர். ஒரு காலத்தில் நம்மவர் தெருவில் நடக்கவும் கூடாதென்று தடுத்த திருவிதாங்கூர் மண் இந்த நிலையை எட்டியது தானாக நடந்ததன்று. பள்ளிக்குள் எங்கள் பிள்ளைகளைச் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்கமாட்டோம் என்று புலையர் மக்களைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்தார் அய்யன்காளி. எழுதப் படிக்கத் தெரியாத அவர் 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். கூலி உயர்வுக்காக வேலை நிறுத்தம் செய்வது உலகெங்கும் உண்டு. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக உழவுத் தொழிலாளர் வேலையை நிறுத்தியது வேறெங்கே உண்டு?

ஆனால் கேரளத்தின் நிலச் சீர்திருத்தத்தைச் சற்று உற்று நோக்க வேண்டும். 1970 சனவரி முதல் நாள் அங்கே குத்தகை முறை ஒழிந்தது. உழுபவனுக்கே நிலம் என்றார்கள். நிலம் யாருக்குச் சென்றது? குத்தகைச் சீட்டு வைத்திருந்தவனுக்குச் சென்றது. புலையரும் பறையரும் குத்தகைக்காரர்கள் அல்லர்; குத்தகைக்காரனிடம் கூலி பெற்றவர்கள். அவர்களுக்குக் குடிசை இருந்த இடம் மட்டும் கிடைத்தது. ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட், நகராட்சியில் ஐந்து, மாநகரில் மூன்று. தேயிலை, ரப்பர்த் தோட்டங்களுக்கோ உச்சவரம்பிலிருந்து விலக்கு. அதன்பின் வளைகுடா நாட்டுப் பணம் வந்தபோது, கப்பல் கட்டணத்துக்கும் விசாவுக்கும் அடகு வைக்க நிலம் இருந்தவன் போனான். 10 சென்ட் குடிசைக்காரனால் எளிதில் போக முடியவில்லை. 2007இல் பத்தனம்திட்டை மாவட்டம் செங்கறையில் நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்கள் ரப்பர்த் தோட்டத்துக்குள் குடியேறிப் போராடியது எதனால் என்று இப்போது விளங்கும். எழுத்தறிவில் நாட்டின் முன்னணியில் நிற்கும் மாநிலத்தில், படித்த மக்களே நிலம் கேட்டு நின்றனர். நம் தோழர்களில் சிலர் கேரளத்தைச் சொர்க்கம் என்பர். சொர்க்கத்திலும் நம்மவருக்கு ஒதுக்கப்பட்டது காலனிதான் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

கிழக்கே உள்ள இலங்கையின் கதை நம் குடும்பக் கதையாகும். திருநெல்வேலிச் சீமையில் கண்டிச் சீமைக்கு ஆள் போகாத சேரி குறைவு. கங்காணியின் கடன் சீட்டில் கைநாட்டு வைத்து, மண்டபம் முகாமில் மருந்து தெளிக்கப்பட்டு, மலைநாட்டு லயங்களில் குடியேறியவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். முதலில் காப்பி, காப்பிச் செடியை நோய் அழித்தபின் தேயிலை. அந்நாட்டின் அந்நியச் செலாவணியை நீண்ட காலம் சுமந்தது அவர்கள் முதுகுக் கூடை.

வளர்ச்சிக் கணக்கில் இலங்கை நெடுங்காலம் நமக்கு முன்னே நின்றது. 1931இலேயே வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் தொடக்கப் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. மலிவு விலை அரிசி, அரசு மருத்துவமனை, நீண்ட ஆயுள் ஆகியவற்றைக் காட்டி, ஏழை நாடும் இவ்வாறு வாழலாம் என்று உலக அறிஞர்கள் மேற்கோள் காட்டினர். அந்த நாட்டுக்குள்ளேயே மலைத் தோட்டம் தனியொரு நாடாக இருந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அதையடுத்து வாக்கும் பறிபோயிற்று. வாக்கில்லாதவனுக்கு இலவசக் கல்வி எட்டுமா? தோட்டப் பள்ளி என்பது ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியருமாகவே பல்லாண்டு கிடந்தது. அரசு அப்பள்ளிகளை ஏற்கத் தொடங்கியதே 1970களின் பிற்பகுதியில்தான். 1964 அக்டோபரில் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலைகளைப் பங்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டனர். தோட்டத்தில் பிறந்தவர்களை யாரும் எங்கே போக விருப்பம் என்று கேட்டுப் பங்கிடவில்லை. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்தில் வந்திறங்கியவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறிக்கச் சென்றனர். தங்கியவர்களில் எஞ்சியோருக்கு முழுக் குடியுரிமை வந்தது 2003இல்.

அந்நாட்டின் பிற்காலக் கதையை விரிக்க வேண்டியதில்லை. 1977இல் சந்தை திறந்தது, 1983 முதல் 2009 வரை போர் நடந்தது, கடன் பெருகிற்று. 2019இல் உயர் நடுத்தர வருமான நாடு என்று உலக வங்கி வகைப்படுத்திற்று. மறு ஆண்டே அந்தத் தகுதி போயிற்று. 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடைசெய்து விளைச்சலைக் கெடுத்தனர். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாதென்று அறிவித்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் விலைவாசி ஏற்றம் ஏறத்தாழ 70 விழுக்காட்டைத் தொட்டது. அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,000 இலங்கை ரூபாய். அந்த ஆயிரத்தையும் பல ஆண்டு போராடி 2021இல்தான் பெற்றிருந்தனர். செழித்த காலத்தில் பந்தியில் இடமில்லை. சரிந்த காலத்தில் முதல் பட்டினி அவர்களுக்கே!

சரி, நம் தமிழ்நாடு? தமிழ்நாடு நடந்த பாதை தொழிற்சாலைப் பாதை. நாட்டிலேயே மிகுதியான தொழிற்சாலைகள் கொண்ட மாநிலம் இது. கங்கைகொண்டானில் தொழிற்பூங்கா வந்திருக்கிறது. தூத்துக்குடியில் 2025இல் மின்சாரக் கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. பள்ளிக்கூடமும் தொழிற்சாலையும் இங்கே கைகோத்து வந்தன. காமராசர் காலத்து மதிய உணவும், 1982இல் வந்த சத்துணவும், 2022இல் தொடங்கிய காலை உணவும் எத்தனை பிள்ளைகளைப் பலகையில் உட்கார வைத்தன என்பதை ஆசிரியர்களாகிய நாம் நேரில் அறிவோம். உயர்கல்வி வயதினரில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் கல்லூரிகளில் பதிவாகியிருக்கும் மாநிலம் இது. லூயிசும் அண்ணலும் சொன்ன மருந்தை மூன்று நாடுகளில் ஓரளவேனும் உட்கொண்டது தமிழ்நாடுதான் என்பது நம் துணிபு.

ஆயினும் இந்தக் கணக்கிலும் நம் வரிசையைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். 2011இல் கேரளத்தில் பட்டியல் இனத்தவரின் எழுத்தறிவு 89 விழுக்காட்டை நெருங்கியது. மாநிலச் சராசரிக்கும் அதற்கும் இடைவெளி ஐந்து விழுக்காடு. இங்கே 73 விழுக்காடு. இடைவெளி ஏறத்தாழ ஏழு. அதாவது, நிலம் தராத கேரளம்கூடப் பள்ளியில் நம்மை இன்னும் சற்று அருகில் உட்கார வைத்திருக்கிறது. நிலத்திலோ, மக்களில் ஐந்தில் ஒரு பங்கினராகிய நம்மிடம் பத்தில் ஒரு பங்கும் இல்லை. எட்டு அணைக்கட்டுகளால் ஏறத்தாழ 86,000 ஏக்கர் பாயும் இந்தத் தாமிரபரணிப் பாசனத்தில், நாற்று நட்டது யார், நிலம் யார் பெயரில் இருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. பயிரிட நமக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களிலும் பெரும்பகுதி பிறர் கைக்குப் போயிற்று.

மலையிலும் அதே கதை. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,000 ஏக்கருக்கு மேல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்று 1929 முதல் உருவான மாஞ்சோலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்டோர். கூலி உயர்வு கேட்டும் சிறைப்பட்ட தொழிலாளரை விடுவிக்கக் கேட்டும் 1999 சூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் சென்றபோது, தடியடிக்குத் தப்பி ஆற்றில் இறங்கிய 17 உயிர்கள் போயின. அந்த ஆற்றங்கரையை நாம் நாள்தோறும் கடக்கிறோம். 2024இல் தோட்டத்தை மூட முற்பட்ட நிறுவனம் விருப்ப ஓய்வு அறிவித்தது; பலர் மூட்டை கட்டிக்கொண்டு மலையிறங்கினர். நான்கு தலைமுறை உழைத்த மண்ணில் ஒரு சென்ட் அவர்கள் பெயரில் இல்லை. கண்டிச் சீமை லயத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இடையில் ஒரு கடல். அவ்வளவே.

பள்ளியும் பாதுகாப்பான கோட்டை என்று இருந்துவிட முடியாது. 2023இல் நாங்குநேரியில் நன்றாகப் படித்த நம் பிள்ளை ஒருவன் வீட்டினுள்ளேயே சக மாணவர்களால் வெட்டப்பட்டான். தடுத்த தங்கையும் காயமுற்றாள். அவன் அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றுத் தேர்ந்தான் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

இளைஞர்களே, இப்போது உங்கள் முன் உள்ள வினாவுக்கு வருவோம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளியாக மாதம் ஒரு தொகை கிடைக்கிறது. தந்தையின் கடன் அடைகிறது. எதற்கு மேலே படிக்க வேண்டும் என்று பல வீடுகளில் கேட்கிறார்கள். அவர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. கடன்காரன் வாசலில் நிற்கும்போது பட்டப் படிப்பு தொலைவில்தான் தெரியும். ஆனால் ஒப்பந்தக் கூலி இன்றைய கங்காணிச் சீட்டு. ஆலை வந்தால் அதில் பொறியாளராகவும் கணக்கராகவும் மேற்பார்வையாளராகவும் உட்காருபவர் யார் என்பதை முடிவு செய்வது அந்த மூன்று நான்கு ஆண்டுப் படிப்பே. அதற்கு மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவருக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை உண்டு. விண்ணப்பத்தில் ஒரு சான்று குறைந்தாலும் பணம் நின்றுவிடுகிறது என்பதால், இந்த அலுவலை ஊர்தோறும் இரண்டு பட்டதாரிகள் பொறுப்பேற்றுச் செய்ய வேண்டும்.

மற்றொன்று நிலம். கால் ஏக்கரானாலும் பட்டா உள்ளவர்கள் அதைத் திருமணச் செலவுக்கு விற்க வேண்டாம் என்று பெரியவர்களை வேண்டிக்கொள்கிறோம். செங்கறையும் மாஞ்சோலையும் நமக்குக் காட்டுவது அதையே.

மூன்று நாடுகளின் கணக்கைப் பார்த்த நாம், நம் ஊர்க் கணக்கைப் பார்த்ததில்லை. எத்தனை வீடுகளுக்குப் பட்டா உண்டு, பத்து ஆண்டுகளில் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர் எத்தனை பேர், அவர்களில் கல்லூரி முடித்தவர் எத்தனை பேர், இடையில் நின்றவர் எங்கே வேலை செய்கிறார், நிரந்தரமா ஒப்பந்தமா என்ற ஐந்து வினாக்களை அச்சிட்ட தாள் கழக அலுவலகத்தில் இருக்கிறது. வரும் கோடை விடுமுறையில், கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் வீடு வீடாகச் சென்று அத்தாளை நிரப்பிச் சூன் மாதம் பள்ளிகள் திறக்குமுன் செயலாளரிடம் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். நிரப்பும்போது பெண்களின் கணக்கைத் தனியே எழுதுங்கள்.