கிணற்றடியிற் பிறந்த சஞ்சிகை



விஞ்ஞானச் சஞ்சிகை ஒன்றை வெளியிடுவதற்கு ஆய்வுகூடமும் அச்சகமும் பெரும் பொருளும் வேண்டுமென்றே பலரும் எண்ணுவர். கலைப் பட்டதாரியாகிய யானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அரசினர் பாடசாலையொன்றின் அதிபராகிய எனக்கு, அவ்வெண்ணம் தவறென்று உணர்த்தியவர்கள் என் மாணாக்கரே.

சுற்றாடலின் பேண்தகைமை பற்றிக் கையெழுத்துச் சஞ்சிகை ஒன்று வெளியிட அவர்கள் அனுமதி வேண்டினர். முதலிற் கொண்டுவந்த கட்டுரைகளில் அமேசன் காடு இருந்தது. வடதுருவப் பனி இருந்தது. எங்கள் ஊர் இல்லை. “பிள்ளைகளே, இன்று காலையில் நீங்கள் குடித்த நீரைப் பற்றி இதில் ஒரு வரியேனும் உண்டோ?” என்று வினவினேன். அவ்வினாவே சஞ்சிகைக்குத் தொடக்கமாயிற்று.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். மாரி மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப்போல் மிதக்கின்றது. நன்னீர் உவர்நீரினும் பாரங் குறைந்தது என்பதே இதற்குக் காரணம். கடல்மட்டத்தின்மேல் ஓரடிக்கு நன்னீர் நிற்குமாயின், அதன்கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. மேலே ஓரடி குறையும்படி இறைப்போமாயின், காலப்போக்கில் உவர்நீர் அந்த 40 அடியையும் ஏறிவரும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தலை அறியாதார் எம்மூரில் இலர். அதன் காரணத்தை எழுதிக் காட்டியவர் சிலரே. துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே நீருக்குக் காவலாயிருந்தது. இறைக்கும் இயந்திரத்துக்கோ களைப்பில்லை.

இனி, நீரின் தரத்தைப் பார்ப்போம். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இடும் நைதரசன் உரத்திற் பயிர் உட்கொள்ளாத மிச்சம், நைத்திரேற்றாகி நிலத்தடி நீரைச் சேர்கின்றது. மலசலகூடக் குழிகளின் கசிவும் அவ்வாறே சேரும். குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த வழிகாட்டி எல்லை. அதனை மிஞ்சிய நீரிற் பால்மா கரைத்து ஊட்டினால், கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உடல் நீலம் பாரிக்கக்கூடும். கொதிக்க வைத்தாலும் இப்பொருள் நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவே மிகும். இதனைத் தாய்மார் அவசியம் அறிந்திருத்தல் வேண்டும்.

மாணாக்கர் சோதனைத் தாள்களைக் கொண்டு ஊர்க்கிணறுகள் சிலவற்றைப் பரிசோதித்தனர். சில எல்லையைத் தாண்டியிருந்தன. கிணற்றுக்குரியார் பெயர்களோடு முடிவுகளை வெளியிட வேண்டுமென்றனர். செய்தி கசிந்தது. தோட்டக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். “ஐயா, என் மகன் எழுதும் எழுத்தே என் விளைச்சலின் விலையைக் கெடுக்கலாமோ?” என்றார். அவருடைய மகனோ, “உண்மையை மறைப்பதற்கா ஐயா சஞ்சிகை?” என்றான். இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது.

ஈற்றில் மூன்று விதிகளை வகுத்தோம். முதலாவது, அச்சிடுமுன் கிணற்றிற் பங்குள்ள அனைவருக்கும் முடிவை நேரிற் சொல்லல்; கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு அன்றைக்கே சொல்லல். இரண்டாவது, பெயரை விடுத்துக் கிணற்றுக்கு எண் இட்டு, சோதித்த முறையையும் திகதியையும் முழுமையாக எழுதல். மூன்றாவது, சோதனைத் தாள் முதற் குறியே அன்றி முடிந்த தீர்ப்பு அன்று என்பதையும், உரிய ஆய்வுகூடத்தில் உறுதிப்படுத்த வேண்டும் என்பதையும் முகப்பிலேயே குறித்தல்.

பெயரை நீக்கியது கோழைமையென இன்றும் கருதும் மாணாக்கர் உளர். அவர்கள் கருத்தையும் அடுத்த இதழில் வெளியிட்டோம். அதே இதழில் அத்தோட்டக்காரர், பூவரசங் குழை தாழ்த்தி மண்ணை வளம்படுத்திய தம் தந்தையார் காலத்து முறையைத் தாமே சொல்ல, மகன் எழுதினான். உரத்தை அளந்து, பிரித்துப் பிரித்து இடும் முறையையும் அதனருகே சேர்த்தோம். குறை கூறுவதோடு நில்லாது, செய்யத்தக்கது யாதெனவும் கூறினாலன்றிச் சஞ்சிகை ஊருக்கு உரியதாகாது.

தமிழில் விஞ்ஞானம் எழுத இயலுமோ என ஐயுறுவோர் உளர். 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் டொக்டர் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, நூல்களையும் தமிழில் வெளியிட்டார். நமக்குக் குறை மொழியன்று. நம் கண்முன் உள்ளதை அளந்து எழுதும் பழக்கமே.

ஆகவே, ஆசிரிய நண்பர்களே, உங்கள் பாடசாலையிலும் இத்தகைய சஞ்சிகை ஒன்றைத் தொடங்குங்கள். பத்துத் தாளும் ஒரு கயிறும் ஓர் அளவுகோலும் போதும். கயிற்றைக் கிணற்றுள் இறக்கி, மாதந்தோறும் நீர்மட்டத்தைக் குறியுங்கள். ஓராண்டு முடிவில், வேறெந்த நூலிலும் இல்லாத ஒரு பக்கம் உங்கள் கையில் இருக்கும்.