ஏடும் வட்டும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



திருவில்லிபுத்தூர் ஆண்டாள் தோன்றிய ஊர். திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143 என அவர் பாடியவை 173 பாசுரங்கள். ஆழ்வார்களின் அருளிச்செயல்கள் ஒரு காலத்தில் வழக்கொழிந்து கிடந்தன என்றும், நாதமுனிகள் பத்துப் பாட்டை மட்டும் பிறர் பாடக் கேட்டு, அவை ஆயிரத்தின் ஒரு பகுதி என்பதை அப்பாட்டின் முடிவாலேயே உணர்ந்து, குருகூர் சென்று தேடி நாலாயிரத்தையும் மீட்டார் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. 1880-இல் குடந்தையில் சேலம் இராமசாமி முதலியார் எழுப்பிய வினா உ.வே.சாமிநாதையரைச் சிந்தாமணி ஏடுகளின்பால் செலுத்தியது. 1887-இல் அந்நூல் அச்சேறியது. தமிழ் இலக்கிய வரலாற்றில் பெரும்பகுதி இழந்ததைத் தேடிய வரலாறே ஆகும்.

ஆனால் அவர்கள் தேடிய ஏட்டிற்கும் இன்று தேட வேண்டிய ஏட்டிற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பனையோலை கிடைத்துவிட்டால் அதைப் படிக்கக் கண்ணும் பயிற்சியும் போதும். ‘பிளாப்பி’ என்று வழக்கில் அழைக்கப்பெற்ற நெகிழ்வட்டு கிடைத்தாலும், அதனைச் சுழற்றிப் படிக்கும் இயக்கி இல்லையேல் அது வெறும் கறுப்புத் தகடே.

இது வெற்று அச்சமன்று. இங்கிலாந்தில் 1086-இல் தோலில் எழுதப்பெற்ற ‘டூம்ஸ்டே’ கணக்கேட்டை இன்றும் படிக்கலாம். அதன் 900-ஆம் ஆண்டு நினைவாக 1986-இல் பி.பி.சி. நிறுவனம் பள்ளி மாணவர்களையும் பொதுமக்களையும் கொண்டு அந்நாட்டு வாழ்வைத் தொகுத்து ஒளிவட்டுகளில் பதிவு செய்தது. பதினைந்து ஆண்டுகள் கழிவதற்குள் அவ்வட்டுகளைப் படிக்கும் பொறிகள் அரிதாகிவிட்டன. 2002-ஆம் ஆண்டளவில் அறிஞர்கள் பெரிதும் முயன்று, பழைய பொறியின் இயக்கத்தைப் புதிய கணிப்பொறியில் போலச் செய்தே அதனை மீட்டனர். தொள்ளாயிரம் ஆண்டு வாழ்ந்த ஏட்டின் எதிரே பதினைந்தாண்டில் ஊமையான வட்டு!

அத்திட்டத்துக்குப் பயன்பட்ட கணிப்பொறிக் குடும்பம் இந்தியாவுக்கும் புதியதன்று. 1981-இல் வெளிவந்த பி.பி.சி. மைக்ரோ, வீடுகளுக்கும் பள்ளிகளுக்குமென ஏக்கார்ன் நிறுவனம் உருவாக்கியது. 1984-85-இல் நடுவணரசு பள்ளிக் கணிப்பொறிக் கல்விக்கென ‘கிளாஸ்’ திட்டத்தைத் தொடங்கியபோது, முதற்கட்டமாக ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு வழங்கப்பெற்றது இப்பொறியே. பின்னர் மொகாலியிலிருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் இதனை ‘யூனிகார்ன்’ என்னும் பெயரில் உருவாக்கியது. இதன் நினைவகம் 32 கிலோபைட். விசைப்பலகைக்குள்ளேயே கணிப்பொறி அடங்கியிருக்கும். நெகிழ்வட்டு இயக்கியைத் தனியே வாங்கி வெளியிலிருந்து இணைக்க வேண்டும்.

அவ்விணைப்பு எளிதுபோல் தோன்றினும் நிதானம் வேண்டுவது. பொறியைக் கவிழ்த்தால் அடியில் செருகுவாய்களின் வரிசை தெரியும். இயக்கிக்குரியது 34 முனைகளை உடையது. அதே 34 முனைகளோடு ‘ஒரு மெகாஹெர்ட்ஸ் பஸ்’ என்னும் வேறொரு வாயும் அவ்வரிசையிலேயே இருக்கிறது. பெயரைப் படிக்காமல் அளவை மட்டும் பார்த்துச் செருகுவோர் ஏமாறுவர். ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு முதல் முனையைக் காட்டும். இயக்கியிலுள்ள சிறு செருகியை எண் 0 என அமைத்தால்தான் பொறி அதனைத் தன் முதல் இயக்கியாக அறியும். இவ்வளவும் சரியாக இருந்தும், பொறிக்குள் இன்டெல் 8271 அல்லது வெஸ்டர்ன் டிஜிட்டல் 1770 என்னும் கட்டுப்பாட்டுச் சில்லும் வட்டுக் கோப்பு முறைக்கான ரோமும் இல்லையெனில் வட்டைப் படிக்க இயலாது. பல பொறிகள் அவை இன்றியே விற்கப்பெற்றன.

நெடுநாள் உறங்கிய பொறிக்கு உடனே மின்சாரம் கொடுப்பதும் தவறு. அதன் மின்வழங்கியிலுள்ள பழைய வடிகட்டி மின்தேக்கிகள் வெடித்துப் புகை கக்குவது பலரும் கண்டது. அவற்றை முன்னரே மாற்றிவிட வேண்டும்.

இராசபாளையத்தார் கதிரின் சுழற்சியை அறிந்தவர்கள். 1936-இல் தொடங்கப்பெற்ற இராசபாளையம் மில் முதலாக நூற்பாலைகளால் வளர்ந்த ஊர் அது. நெகிழ்வட்டு இயக்கியின் உள்ளேயும் ஒரு கதிர் உண்டு. அது வட்டை நிமிடத்திற்கு 300 முறை சுழற்றுகிறது. படிக்கும் முனையோ வட்டின் மேற்பரப்பைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. எனவே பூஞ்சை படிந்த ஒரு வட்டைச் செருகினால் அவ்வட்டு கெடுவதோடு முனையில் ஒட்டிய அழுக்கு அடுத்த வட்டையும் கீறும். ஏட்டிற்கு எண்ணெய் தடவி நூல் பிரித்த பொறுமை இங்கும் வேண்டும். ஐந்தேகால் அங்குல வட்டின் ஓரத்து வெட்டை ஒட்டுத்தாளால் மூடிவிட்டால் தவறியும் அதில் எழுத முடியாது. மீட்பு வேலையில் முதல் விதி இதுவே.

இணைப்பு முடிந்தபின் நட்சத்திரக் குறியிட்டு ‘கேட்’ என்று விசைத்தால் பெயர்ப் பட்டியல் திரையில் வரும். வட்டின் முதல் தடத்தில் இரண்டு சிறு பகுதிகளில் அப்பட்டியல் அடங்கியிருக்கிறது. ஒரு பக்கத்திற்கு 31 பெயர்களே இடம்பெறும். ஒவ்வொன்றும் ஏழு எழுத்துக்கு மேற்படாது. நாதமுனிகள் கேட்ட பத்துப் பாட்டைப் போல, உள்ளே இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லும் குறிப்பு அது. நாற்பது தட வட்டின் ஒரு பக்கம் 100 கிலோபைட் கொள்ளும். ஆண்டாளின் 173 பாசுரங்களுக்கும் அதுவே போதும்.

வட்டு படிக்கப்பட்டாலும் இன்னொரு பூட்டு எஞ்சுகிறது. கணிப்பொறி சேமிப்பது எழுத்தையன்று, எண்ணை. தமிழில் ஒவ்வோர் எழுத்துரு ஆக்குநரும் தத்தம் விருப்பப்படி எண் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய ‘தமிழ் இணையம் 99’ மாநாடு டாம், டாப் என்னும் தரங்களை வகுத்தது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் ஏற்றது. அதற்கு முன் எழுதப்பெற்றவற்றை, எந்த எழுத்துருவில் எழுதப்பெற்றன என்பது தெரியாமல் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். புள்ளியிடாத ஓலையில் மெய்யையும் உயிர்மெய்யையும் சூழல் நோக்கிப் பிரித்தறிந்த பதிப்பாசிரியர்களின் பணி இங்கே மறுபடியும் தேவைப்படுகிறது. பொறியாளரால் மட்டும் இயலாத இடம் இது. தமிழ் கற்றவர்க்கே உரியது.

அச்சில் நூல் இருக்கும்போது வட்டு எதற்கு என்று சிலர் வினவலாம். அச்சேறியவற்றுக்கு அவ்வினா பொருந்தும். அச்சேறாத கவிதைகள், வயல்வெளியில் கேட்டு எழுதிய நாட்டுப்புறப் பாடல்கள், வட்டாரச் சொல் தொகுப்புகள், ஆய்வேட்டில் இடம்பெறாது விடுபட்ட களக்குறிப்புகள் ஆகியவற்றுக்கு வேறு படி ஏது?

1990-களில் கணிப்பொறி அச்சுக்கோப்புச் செய்தவர் பயன்படுத்திய மூன்றரை அங்குல, 1.44 மெகாபைட் வட்டுகளைப் படிப்பது இன்றும் கடினமன்று, யு.எஸ்.பி. வழி இணையும் இயக்கி ஒன்று போதும். பழைய ஐந்தேகால் அங்குல வட்டுகளுக்குக் ‘கிரீஸ்வீசல்’ போன்ற சிறு கருவிகள் உண்டு. அவை வட்டின் காந்த மாற்றங்களையே அப்படியே படியெடுக்கும். பழைய இயக்கி மட்டும் வேண்டும். பழைய கணிப்பொறி வேண்டுவதில்லை. ஆனால் காலம் காத்திராது. நெகிழ்வட்டு உருவாக்குவதைச் சோனி நிறுவனம் 2011-லேயே நிறுத்திவிட்டது. இயக்கிகளும் நாளுக்கு நாள் குறைகின்றன.

ஆகவே பத்தாண்டு நிறைந்த இவ்விலக்கிய வட்டம் ஒரு பணியை மேற்கொள்ளலாம். இரண்டு ஊர்களிலும் அன்பர்தம் அலமாரிகளில் கிடக்கும் வட்டுகளைத் திரட்டி, எழுதியவர் பெயர், ஆண்டு, பயன்படுத்திய பொறி, எழுத்துரு ஆகியவற்றைக் கேட்டுக் குறித்து, ஒவ்வொன்றையும் படியெடுத்து ஒருங்குறிக்கு மாற்றிப் பல இடங்களில் வைத்தல் வேண்டும். எழுதியவர் உடனிருக்கும்போது ஒரு சொல்லில் கிடைக்கும் விடை, அவர் மறைந்தபின் ஓர் ஆய்வாகிவிடும்.