திருநெல்வேலிக்கே அல்வாவா?

(தலைப்பு: ஆங்கில மரபுத்தொடர்களின் பொருள் நமக்குப் புரிவது ஏட்டாலா? பழக்கத்தாலா? ‘பழக்கத்தாலே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் வெளுத்து வாங்கிவிட்டு அமர்ந்திருக்கிற எதிரணித் தங்கை அவர்களே! பாளையங்கோட்டை மண்ணிலே திரண்டிருக்கிற தாய்மார்களே, பெரியவர்களே! வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால், கையிலே காபி டம்ளரோடு உட்கார்ந்திருக்கிற அன்பு உள்ளங்களே! 

தங்கை என்ன சொன்னாங்க? “அகராதி இருக்கு, மரபுத்தொடர் அகராதின்னு தனியாவே இருக்கு. புரட்டிப் பார்த்தா அர்த்தம் வந்துட்டுப் போகுது. இதுக்கு எதுக்குய்யா பழக்கம்?” அப்படின்னாங்க. நல்லது. பாளையங்கோட்டைக்குத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டுன்னு பேரு. இந்த ஊர்ல நின்னுக்கிட்டு நான் புத்தகத்தைக் குறை சொன்னா, வெளியே வண்டி எடுக்க விடமாட்டீங்க. (சிரிப்பு) அதனால புத்தகத்தை நான் குறை சொல்லலை. புத்தகம் மட்டும் போதாதுன்னு சொல்றேன்.

நடுவர் அவர்களே, ஒரு வெள்ளைக்காரர் தமிழ் படிக்கிறார்னு வச்சுக்குவோம். கையிலே பெரிய அகராதி. திருநெல்வேலி ஜங்ஷன்ல இறங்குறார். முதல் ஆள் சொல்லுதான்: “அந்த வேலையா? அது அல்வா சாப்பிடுற மாதிரி.” அகராதியைப் பார்க்கிறார். அல்வா, சாப்பிடுதல், மாதிரி. சரி, சுலபமான வேலை போலிருக்குன்னு ஊகிச்சுக்கிட்டார். நாலு அடி நடக்கிறார். ரெண்டாவது ஆள் அழுதுக்கிட்டு நிக்கான். “என்னப்பா?”ன்னு கேட்டா, “கூட்டாளி எனக்கு அல்வா கொடுத்துட்டான்”ங்கிறான். வெள்ளைக்காரருக்குத் தலை சுத்துது. இவ்வளவு நல்ல பண்டத்தைக் கொடுத்ததுக்கு இவன் ஏன் அழுதான்? (பலத்த சிரிப்பு) அடுத்த தெருவில மூணாவது ஆள் கேட்கிறான்: “ஏம்வே, திருநெல்வேலிக்கே அல்வாவா?” முடிஞ்சது கதை! ஒரே அல்வா. முதல்ல சுலபம், ரெண்டாவது ஏமாத்து, மூணாவது வேண்டாத வேலை. அகராதியிலே அல்வாவுக்கு என்ன போட்டிருக்கும்? ‘ஒருவகை இனிப்பு.’ (கைதட்டல்)

அதே மாதிரிதானய்யா இங்கிலீஷும்! சுலபமான வேலையை அவன் ‘பீஸ் ஆஃப் கேக்’ங்கிறான். நம்ம ஊர்ல கோதுமைப் பால், அவன் ஊர்ல கேக்கு. திருநெல்வேலிக்கே அல்வான்னு நாம சொல்ற இடத்திலே, ‘நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டு போறது’ அப்படிங்கிறான். ஏன் நியூகாசில்? அது டைன் நதிக்கரையில இருக்கிற ஊரு. ஒரு காலத்துல சுத்தி நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. பல நூறு வருஷமா அங்கேயிருந்துதான் கப்பல் கப்பலா லண்டனுக்குக் கரி போச்சு. அந்த ஊருக்கே ஒருத்தன் மூட்டையில கரி தூக்கிட்டுப் போனா எப்படி இருக்கும்? தாமிரபரணிக் கரையில நெல்லையப்பர் கோயிலுக்கு முன்னால, இருட்டுக்கடை எதிர்ல நின்னு அல்வா விக்கிற மாதிரி இருக்கும். டைன் நதியையும் தாமிரபரணியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தவனுக்கு அந்தத் தொடர் மறக்குமா? ஆயுசுக்கும் மறக்காது.

சரி, அர்த்தம் ஒத்துப்போற இடத்திலே ஆபத்து இல்லை. ஒத்துப்போற மாதிரி நடிக்கிற இடத்திலேதான் ஆபத்து. ‘புல்லிங் யுவர் லெக்.’ சொல்லுக்குச் சொல் பார்த்தா, காலைப் பிடிச்சு இழுக்கிறது. நம்ம ஆளு என்ன நினைப்பான்? “ஓகோ, காலை வாருறது!” தமிழ்ல காலை வாருறதுன்னா கூடவே இருந்து கவுக்கிறது. துரோகம். இங்கிலீஷ்ல அதுக்கு அர்த்தம் சும்மா கேலி பண்றது, விளையாட்டு. ஒரு நண்பன் சிரிச்சுக்கிட்டே, “உன் காலை இழுத்தேன்”னு இங்கிலீஷ்ல சொன்னா, நம்ம பய, “அடப்பாவி, காலை வாருனதை முகத்துக்கு நேராவே சொல்லுதானே!”ன்னு சட்டையைப் பிடிப்பான். (சிரிப்பு)

இங்கிலீஷை விடுங்க. தமிழுக்குள்ளேயே என்ன பாடு! எங்க உறவிலே ஒரு பொண்ணைக் கோயம்புத்தூர்ப் பக்கம் கொடுத்தாங்க. மாப்பிள்ளை ஆடிக்கு விருந்துக்கு வந்திருக்கார். கைதவறி ஒரு கண்ணாடி டம்ளர் விழுந்து உடைஞ்சுபோச்சு. மாமியார் ஓடிவந்து ஆறுதலா சொன்னாங்க: “சவம் கெடக்கு, விடுங்க மாப்ளே!” மாப்பிள்ளை பதறிப்போய் எழுந்து, “எங்கேங்க அத்தை?”ன்னு கேட்டுட்டார். (பலத்த சிரிப்பு, கைதட்டல்) அவர் தமிழ் எம்.ஏ. படிச்சவரு! நெல்லையிலே ‘சவம் கெடக்கு’ன்னா ‘போனா போகுது’ன்னு அர்த்தம். இது எந்த ஏட்டிலேருந்து அவருக்குத் தெரியும்? நாலு ஆடிக்கு வந்தா தெரியும்!

நடுவர் அவர்களே, இந்த மண்ணுக்கு வந்த வெள்ளைக்காரர்களுக்கு இது தெரிஞ்சிருந்தது. கால்டுவெல் 1838-ல சென்னைக்கு வந்தார். 1841-ல இந்தத் திருநெல்வேலிச் சீமையிலே இடையன்குடிக்கு வந்து சேர்ந்தார். வந்தோம், ஒரு புத்தகம் வாங்கினோம், போனோம்னு இல்லை. வாழ்நாளின் பெரும்பகுதியை இங்கேயே கழிச்சார். 1891-ல கொடைக்கானல்ல உயிர் போச்சு. உடலை இடையன்குடிக்குத்தான் கொண்டுவந்தாங்க. 1856-ல வெளிவந்த அவருடைய ஒப்பிலக்கணத்துக்குப் பின்னால, இங்கே மணல் காட்டிலே ஜனங்களோட பழகின பதினைஞ்சு வருஷம் இருக்கு. பீட்டர் பெர்சிவல்னு இன்னொருத்தர். யாழ்ப்பாணத்திலேயும் சென்னையிலேயும் இருந்தவர். 1874-ல ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில விளக்கத்தோட அச்சுப் போட்டார். எதிரணி உடனே சொல்வாங்க, “பார்த்தீங்களா, அதுவும் ஏடுதானே!”ன்னு. ஏடுதான் தாயி. ஆனா அந்த ஆறாயிரமும் முதல்ல எங்கே இருந்தது? நம்ம பாட்டிமார் வாயிலே இருந்தது! (கைதட்டல்)

நம்ம வ.உ.சி.யைப் பாருங்க. ஒட்டப்பிடாரத்துக்காரர். 1906-ல சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினவர். அவர் ஜேம்ஸ் ஆலன் எழுதின ‘ஆஸ் எ மேன் திங்கெத்’ங்கிற புத்தகத்தைத் தமிழ்ல கொண்டுவந்தார். சொல்லுக்குச் சொல் போட்டிருந்தா ‘ஒரு மனிதன் நினைக்கிறபடி’ன்னு தலைப்பு வச்சிருப்பார். அவர் வச்ச பேரு என்ன தெரியுமா? ‘மனம்போல வாழ்வு.’ எவ்வளவு அழகு! நம்ம வீட்டுப் பெரியவங்க ஆசீர்வாதம் பண்ற குரல் அதிலே கேட்குதா இல்லையா? ரெண்டு மொழியிலேயும் பழகினவருக்குத்தான் அது வரும்.

இதுவரைக்கும் சிரிச்சோம். இப்ப ஒரு கதை சொல்றேன். இதுக்கும் முதல்ல சிரிப்பு வரும். அப்புறம் வராது.

எங்க அக்கா மகன். அம்பாசமுத்திரம் பக்கம். அந்தக் குடும்பத்திலே பட்டப்படிப்பு முடிச்ச முதல் பிள்ளை. இங்கிலீஷ்ல நல்ல மார்க். தங்கை சொன்ன அந்த மரபுத்தொடர்ப் புத்தகம் அவன்கிட்டேயும் இருந்தது. பாதியை மனப்பாடமா ஒப்பிப்பான். சில வருஷத்துக்கு முன்னால சென்னையிலே ஒரு சின்ன ஆபீஸ்ல வேலை கிடைச்சது. எட்டாவது மாசம். ஊர்ல தங்கச்சிக்குக் கல்யாணம் வச்சாச்சு. நாலு நாள் லீவு கேட்டு எழுதிக் கொடுத்திருந்தான்.

ரெண்டு நாள் கழிச்சு மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். உட்காரச் சொன்னார். காபி வரவழைச்சார். கம்பெனி நிலைமை அப்படி இப்படின்னு ஏதோ பேசிட்டு, மெதுவா சொன்னார்: “வி வில் ஹேவ் டு லெட் யூ கோ.”

பயலுக்கு ஒவ்வொரு சொல்லும் தெரியும். ‘லெட்’னா விடு. ‘கோ’ன்னா போ. ‘உன்னைப் போக விட வேண்டியிருக்கு.’ லீவு கிடைச்சாச்சு! எழுந்து நின்னு, “தேங்க் யூ சார், தேங்க் யூ வெரி மச்”னு ரெண்டு தடவை கும்பிட்டான். (சிரிப்பு) பையிலேருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்து, “அவசியம் வரணும் சார்”னு கொடுத்தான். மேனேஜர் அவனை ஒரு மாதிரி பார்த்திருக்கார். ஒண்ணும் சொல்லலை.

அன்னிக்கு ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ். கல்யாணம் ஜாம் ஜாம்னு நடந்தது. வந்த சொந்தக்காரங்க எல்லார்கிட்டேயும், “எங்க சார் காபி கொடுத்து லீவு தந்தாரு”ன்னு பெருமை. திரும்பிப் போகும்போது மேனேஜருக்குன்னு ஒரு கிலோ அல்வா வாங்கிட்டுப் போனான்.

ஆபீஸ் வாசல்ல காவல்காரர் நிறுத்திட்டார். “தம்பி, உங்க பேரு லிஸ்ட்ல இல்லையே.” கண்ணாடி வழியா உள்ளே பார்க்கிறான். அவன் நாற்காலியிலே வேற ஆள். கணக்கு முடிச்சுப் பணம் பேங்க்ல போட்டாச்சாம். பய கையிலே அல்வாப் பொட்டலத்தோட நிக்கான், நடுவர் அவர்களே. அவனுக்கு எப்பவோ அல்வா கொடுத்தாச்சுங்கிறது அப்பத்தான் அவனுக்குத் தெரியுது.

(அரங்கில் அமைதி)

எனக்குப் போன் பண்ணினான். “மாமா, அவரு நல்ல வார்த்தையாத்தானே மாமா சொன்னாரு? நான் தேங்க்ஸ் சொல்லிட்டு வந்துட்டேனே மாமா”ன்னான். வேலை போனது கூட அவனுக்குப் பெரிசா படலை. வேலை போனதுக்கு நன்றி சொல்லிட்டு வந்துட்டோமேங்கிறதுதான் அவனைக் கொன்னுச்சு. புரிஞ்சிருந்தா, “ஏன் சார்? என்ன தப்பு சார்? ஒரு மாசம் டைம் கொடுங்க சார்”னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! அதுக்கப்புறம் ஒரு வருஷம் அவன் இங்கிலீஷ்ல வாயே திறக்கலை. தங்கச்சி கல்யாண போட்டோவைக் கூடப் பார்க்கமாட்டான். ஏன்னா, அந்தப் போட்டோவிலே சிரிச்சுக்கிட்டு நிக்கிறவனுக்கு அப்பவே வேலை இல்லை.

அந்தப் புத்தகத்திலே ‘லெட் கோ’ இல்லையான்னு கேட்பீங்க. இருந்திருக்கலாம். ஆனா யார் தேடுவா? தெரியாத சொல்லைத்தானய்யா நாம அகராதியிலே தேடுவோம்! தெரிஞ்ச சொல்லை எவன் தேடுவான்? இதுதான் மரபுத்தொடருடைய சூட்சுமம். அது புது உடுப்புல வராது. நமக்குத் தெரிஞ்ச சொல்லோட சட்டையைப் போட்டுக்கிட்டு வரும். (கைதட்டல்)

இன்னொண்ணு சொல்றேன். மனுஷன் வாய்க்கு வராத கசப்பைத்தான் இந்தத் தொடர்களுக்குள்ளே ஒளிச்சு வைக்கிறான். செத்துப்போனார்னு சொல்ல நமக்கு நாக்கு கூசுது, ‘காலமானார்’ங்கிறோம். அவன் ‘பாஸ்டு அவே’ங்கிறான். வீட்டை விட்டுக் கிளம்பும்போது ‘போறேன்’னு சொல்லமாட்டோம், ‘வாரேன்’னு சொல்வோம். வாசல்ல நின்னு ‘வாரேன்’னு சொல்லிட்டுப் போறவனை, அகராதி வச்சுக்கிட்டு எப்படிய்யா புரிஞ்சுக்குவே? ஒரு மொழியிலே எங்கே இதமாப் பேசறாங்களோ, அங்கே எதையோ மூடுறாங்கன்னு தெரிஞ்சுக்கிடணும். அது பழகினாத்தான் தெரியும்.

தங்கை ஒரு நியாயமான கேள்வி கேட்டாங்க. அதுக்குப் பதில் சொல்லாம நான் உட்காரக் கூடாது. “மணிமுத்தாறுல இருக்கிற பிள்ளைக்கு இங்கிலீஷ் பேசிப் பழக யாரு இருக்கா? அதுக்குப் புத்தகம்தானே துணை?”ன்னாங்க. உண்மை. நான் மறுக்கலை. ஆனா பழக்கம்னா வெள்ளைக்காரனோட திண்ணையிலே உட்கார்ந்து பேசறது மட்டும் இல்லையே. கிரிக்கெட் வர்ணனை கேளு. இங்கிலீஷ் பேப்பர்ல ஒரு செய்தியை முழுசாப் படி. ஒரு கதையை முழுசாப் படி. சொல்லையும் அர்த்தத்தையும் மட்டும் எழுதி வைக்காதே. யார், யார்கிட்ட, எந்த நேரத்திலே சொன்னாங்கன்னு சேர்த்து எழுது. புரியலைன்னா கேளு. “சார், இதுக்கு என்ன சார் அர்த்தம்?”னு கேட்கிறதுல ஒரு வெட்கமும் இல்லை. கோயம்புத்தூர் மாப்பிள்ளை “எங்கேங்க அத்தை?”ன்னு கேட்டாரே, அவரு புத்திசாலி! ஒரு நிமிஷம் எல்லாரும் சிரிச்சாங்க, ஆயுசுக்கும் அவருக்கு அர்த்தம் தெரிஞ்சுபோச்சு. எங்க மருமகப்பிள்ளை கேட்கலை. கேட்கணும்னே அவனுக்குத் தோணலை.

நடுவர் மணியிலே கை வச்சுட்டார். முடிச்சுடறேன். இப்ப அவன் வேற ஊர்ல நல்ல வேலையிலே இருக்கான். ஒரு நோட்டு வச்சிருக்கான். போன தடவை வந்தப்போ என்கிட்ட காட்டினான். முதல் பக்கத்திலே முதல் வரி இப்படி எழுதியிருக்கு: “லெட் யூ கோ. மேனேஜர் என்னிடம் சொன்னது. கதவைச் சாத்திவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னது.”

நடுவர் அவர்களே, அந்தத் தொடருக்கு அர்த்தம் எங்கே இருந்தது? சொல்லிலேயா இருந்தது? சாத்தின கதவிலே இருந்தது. பார்க்காத முகத்திலே இருந்தது. அதைப் படிக்கிறதுக்குப் பேர்தான் பழக்கம். ஆகவே, மரபுத்தொடரின் பொருள் புரிவது பழக்கத்தாலே, பழக்கத்தாலே என்று நல்ல தீர்ப்பு தாருங்கள் எனக் கேட்டு, போறேன்னு சொல்லாம, வாரேன்னு சொல்லி விடைபெறுகிறேன். வணக்கம். (நீண்ட கைதட்டல்)