அடைமொழியின் நிறம்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



விளையாட்டுச் செய்தியைப் பற்றித் தமிழாசிரியை ஏன் பேச வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். அங்கே ஆடுவது பந்து மட்டுமன்று, அடைமொழியும் ஆடுகிறது. அடைமொழி நம் துறை.

செந்தாமரை என்றால் வெண்டாமரையும் உண்டு என்பது பெறப்படும். இஃது இனமுள்ள அடை. செஞ்ஞாயிறு என்றால் அதற்கு மாறாக வேறொரு ஞாயிறு இல்லை. இஃது இனமில்லா அடை. வழக்கிற்கு ஆகாது, செய்யுளுக்கே உரியது என்பது தொல்காப்பியர் கொள்கை. இச்சிறு விதியைக் கையில் வைத்துக்கொண்டு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பீலேயைக் 'கறுப்பு முத்து' என்றனர். மொசாம்பிக்கில் பிறந்து போர்ச்சுகலுக்கு ஆடிய யுசேபியோவைக் 'கருஞ்சிறுத்தை' என்றனர். மரடோனாவை எவரேனும் 'வெள்ளை முத்து' என்றதுண்டா? அவர் வெறும் மரடோனா. ஒருவரை மட்டும் 'கறுப்பின வீரர்' என்று எழுதும் பேனா, அடையின்றி 'வீரர்' என்றால் அவர் வெள்ளையரே என்பதைச் சொல்லாமற் சொல்லிவிடுகிறது.

முத்தாவது அணிகலன், சிறுத்தையோ விலங்கு. பாராட்டுப் போலவே தோன்றும். உடலுக்குப் புகழைக் கொடுத்துவிட்டு அறிவைப் பறித்துக்கொள்ளும். 2020-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஐரோப்பியக் கால்பந்தின் 80 ஆட்டங்களுக்குரிய ஆங்கில நேர்முக வருணனைகளை எண்ணிப் பார்த்தது. அறிவுக்கூர்மைக்கான பாராட்டில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் வெளிர்நிறத்தவருக்கே சென்றது. உடல் வலிமை பற்றிய பேச்சோ கருநிறத்தவரைக் குறித்து ஆறு மடங்குக்கும் மிகுதி.

அயல்நாட்டுக் கதை என்று அமைதி கொள்ள வேண்டா. 2017 ஜூலையில், காலி டெஸ்டின் இரண்டாம் இன்னிங்சில் 81 ஓட்டங்கள் எடுத்தார் சென்னை வீரர் அபினவ் முகுந்த். இரண்டு வாரம் கழியுமுன், ஆகஸ்டு 9 அன்று அவர் வெளியிட்ட அறிக்கை மட்டைவீச்சைப் பற்றியதன்று. தோல் நிறத்தின் மீது மக்களுக்குள்ள பித்தைப் பற்றியது. நாள்தோறும் வெயிலில் ஆடிக் கறுத்ததற்காகத் தாம் வருந்தியதே இல்லை என்றார். வாழ்நாள் முழுதும், சொந்த நாட்டிலேயே, நிறத்தால் ஒதுக்கப்பட்டதாக 2021-இல் இலட்சுமண் சிவராமகிருஷ்ணனும் சொன்னார். கார்வண்ணன் என்று இறைவனையே பாடிய மொழி நம்முடையது! அந்த அடை எவரையும் எவரிடமிருந்தும் பிரிக்கவில்லை. நாம் கோவிலில் ஓர் இலக்கணமும் திடலில் வேறோர் இலக்கணமும் வைத்திருக்கிறோம்.

நம் கும்மிடிப்பூண்டிக்கே வருவோம். சிப்காட் ஆலைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் உழைக்கின்றனர். ஞாயிறு மாலையில் அவர்களுள் ஒருவர் நம் பிள்ளைகளோடு ஆட வந்தால், 'வடக்கன் நல்லா அடிக்கிறான்' என்கிறோம். இங்கே அடைமொழி பெயரையே விழுங்கிவிட்டது. பந்தின் போக்கை முன்னரே கணித்து அவர் இரண்டடி நகர்ந்து நின்றாரே, அஃது எவர் கண்ணிலும் படுவதில்லை.

அடுத்த கவியரங்கத்திற்கு 'ஆட்டக்களம்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பாடவிருக்கும் கவிஞர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அந்த இரண்டடியைப் பாடுங்கள்.