நீர்க்கடுப்பு: சூடா, கிருமியா?
(நெய்வேலி நகரிய ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



இவ்வூரில் பழுப்பு நிலக்கரியை வெட்டியெடுப்பதற்காக நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்து வெளியேற்றுகிறார்கள். அப்படிப்பட்ட ஊரிலும் தண்ணீர் குடிக்காமலே வேலைக்குப் போகும் சகோதரிகள் உண்டு. குடித்தால் ஒதுங்க இடம் வேண்டுமே! நாள் முழுவதும் அடக்கிக்கொள்கிறார்கள். பிறகு நீர் பிரியும்போது எரிச்சல், கடுப்பு. உடம்புச் சூடு என்று இளநீரும் பார்லிக் கஞ்சியும் குடிப்பார்கள். குடிக்கட்டும், நல்லதுதான். ஆனால் பெரும்பாலும் காரணம் சூடல்ல, கிருமி. பெண்களுக்குச் சிறுநீர் வெளிவரும் குழாய் சுமார் 4 செ.மீ. நீளமே. குடலில் வாழும் ஈ.கோலை கிருமி எளிதாகச் சிறுநீர்ப்பைக்கு ஏறிவிடும். சர்க்கரை நோயிருந்தால் இன்னும் எளிது. கல், பால்வினை நோய், ஆண்களுக்குப் பிராஸ்டேட் வீக்கம் இவையும் காரணமாகலாம். ஆகவே தேவைப்பட்டால் கணவரும் சோதனைக்கு வரவேண்டும். (தயங்குகிறவர்கள் அவர்களே!)

குளிர்காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி கண்டால் கிருமி சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம், அன்றே வரவேண்டும். கர்ப்பிணிகள் எரிச்சல் தொடங்கியவுடனே வரட்டும். கவனியாமல் விட்டால் குறைமாதப் பிரசவம்வரை போகக்கூடும். எரிச்சல் நின்றதென்று மாத்திரையைப் பாதியில் நிறுத்தக்கூடாது. உங்கள் குவார்ட்டர்ஸில் வேலை செய்யும் சகோதரியிடமும் இதைச் சொல்லுங்கள். சிறுநீர்ச் சோதனைக்குக் காசில்லையென்றால் தயங்காமல் அனுப்புங்கள். நீங்கள் தரும் காணிக்கை அதற்குத்தான்.