நீர்கோத்த பனியில் ஒரு கோடு



2010 பிப்ரவரி மாதக் கடைசியில், கனடாவின் வான்கூவர் நகருக்கு அருகே உள்ள சைப்ரஸ் மலையில் மழை பெய்துகொண்டிருந்தது. குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் நடந்துகொண்டிருந்த மலை அது. அந்த ஆண்டு அங்கே குளிர் பொய்த்துவிட்டது. வேறிடங்களிலிருந்து லாரியிலும் ஹெலிகாப்டரிலும் பனியைக் கொண்டுவந்து கொட்டி, சரிவுகளை ஒப்பேற்றியிருந்தார்கள். அந்த மழையிலும் மூடுபனியிலும்தான் ஸ்னோபோர்டின் பேரலல் ஜயன்ட் ஸ்லாலம் போட்டி நடந்தது. இருவர் பக்கத்துப் பக்கத்துத் தடங்களில், கொடிகளைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கும் போட்டி. பெண்களில் நெதர்லாந்தின் நிகோலின் சவர்பிரை தங்கம் வென்றார். மறுநாள் ஆண்களில் கனடாவின் ஜேசி-ஜே ஆண்டர்சன், இறுதிச் சுற்றின் முதல் ஓட்டத்தில் பின்தங்கியிருந்தும், இரண்டாவது ஓட்டத்தில் முந்தி வென்றார். அப்போது அவருக்கு வயது 34.

உறைந்து இறுகிய பனியில் இந்தப் போட்டியைப் பார்ப்பது ஒரு அனுபவம். நீர்கோத்துக் கனத்த பனியில் பார்ப்பது முற்றிலும் வேறு அனுபவம். பலகையின் விளிம்பால் பனியை வெட்டித் திரும்பும் கார்விங் என்ற கலையை எடைபோட வேண்டுமானால், இந்த இரண்டாவது வகைப் பனியில் வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. இன்றைய உரை அதைப் பற்றியது.

ஸ்னோபோர்டு என்றதும் அந்தரத்தில் எழும்பிச் சுழலும் இளைஞர்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார்கள். அந்தப் பலகை அதற்காகப் பிறந்ததல்ல. 1965இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மஸ்கீகன் என்ற ஊரில், ஷெர்மன் பாப்பன் என்பவர் இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துப் பிணைத்துத் தன் மகள்களுக்கு விளையாடக் கொடுத்தார். ஸ்னர்ஃபர் என்று பெயர் பெற்ற அந்தப் பலகையில் காலைப் பிணைக்கும் பைண்டிங் கிடையாது, எஃகு விளிம்பும் கிடையாது. அதில் நின்று கீழே இறங்கலாம், ஓரளவு திருப்பலாம், அவ்வளவுதான். பலகையின் இரு ஓரங்களிலும் எஃகு விளிம்பு ஏறிய பிறகுதான், ஓரங்கள் உள்வாங்கி வளைந்து இடை சிறுத்த வடிவம் பெற்ற பிறகுதான், கார்விங் சாத்தியமானது.

சாதாரணமாகத் திரும்புகிறவர் பலகையின் பின்பகுதியைக் குறுக்கே தள்ளுகிறார். பலகை பனியைச் சுரண்டிக்கொண்டே திரும்புகிறது, வேகம் குறைகிறது. அவர் போன வழியில் அகலமான தேய்ப்புத்தடம் கிடக்கும். கார்விங் செய்கிறவர் பலகையை ஓரமாகச் சாய்த்து, அந்த எஃகு விளிம்பின் மேல் மட்டுமே நிற்கிறார். சாய்ந்த பலகை அவருடைய எடையில் வில்லாக வளைகிறது. வளைந்த விளிம்பு எந்த வட்டத்தின் பகுதியோ, அந்த வட்டத்திலேயே பலகை ஓடுகிறது. முன்முனை வெட்டிய கோட்டுக்குள்ளேயே பின்முனையும் போகிறது. பின்னால் பார்த்தால் பனியில் மெல்லிய ஒற்றைக் கோடுதான் இருக்கும்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. பலகையின் ஓர வளைவு 10 மீட்டர் ஆரம் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அதை 60 டிகிரி சாய்த்தால் திருப்பத்தின் ஆரம் ஏறத்தாழ 5 மீட்டராகச் சுருங்கும். இன்னும் சாய்த்தால் இன்னும் சுருங்கும். அந்த இறுக்கமான வட்டத்தில் உடலைத் தாங்குவது அந்த விளிம்பு கடித்துப் பிடித்திருக்கும் பனி மட்டுமே. பனி விட்டுக்கொடுத்தால் எல்லாம் போயிற்று.

1980களில் பிரான்சின் செர்ஜ் விடெல்லி, உடலே சரிவில் படுத்துவிடும் அளவுக்குச் சாய்ந்து திரும்பிக் காட்டினார். அந்தத் திருப்பம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பின்னர் சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில், ஜினால் என்ற மலைக்கிராமத்தில், பாட்ரிஸ் ஃபிவாவும் ஜாக் ரில்லியேயும் அதை ஒரு முழுப் பாணியாக வளர்த்தார்கள். இரு பக்கத் திருப்பங்களிலும் உடல் முழுவதும் பனியை ஒட்டிக் கிடக்க, பலகை மட்டும் வட்டமடித்து வரும். நேரம் அளப்பவர் இல்லை, மதிப்பெண் இல்லை. வளைவின் முழுமைக்காகவே செய்யப்படும் வளைவு அது. எனக்கு இந்தப் பாணி மிகவும் பிடிக்கும். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அது சீராக வாரிவிடப்பட்ட, நல்ல பனிக்கான பாணி.

இந்தக் கலைக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஸ்னோபோர்டு ஒலிம்பிக்கில் நுழைந்ததே 1998 நகானோவில், அதுவும் ஜயன்ட் ஸ்லாலமோடு சேர்ந்துதான். ஆனாலும் 2010க்குப் பிறகு அமெரிக்கா தன் கார்விங் பந்தய அணிக்கான திட்டத்தையே கைவிட்டது. அந்த அணியில் இருந்த, வாஷிங்டன் மாநிலத்துக்காரரான விக் வைல்டு, ரஷ்ய வீராங்கனை அல்யோனா ஜவர்சினாவை மணந்து, ரஷ்யக் குடியுரிமை பெற்று, 2014 சோச்சியில் இரண்டு தங்கங்களை ரஷ்யாவுக்காக வென்றார். அந்தச் சோச்சியும் வெப்பம் மிகுந்த, பனி இளகிய ஒலிம்பிக்தான். சரிவுகளில் உப்பைத் தூவி இறுக வைத்தார்கள். உப்பு பனியில் ஒரு பகுதியைக் கரைக்கும். கரைவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றியுள்ள பனியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். அதனால் மீதி நீர் உறைந்து கெட்டிப்படும். சில மணி நேரத்துக்கான ஏற்பாடு இது.

விக் வைல்டின் சொந்த மாநிலம் இருக்கும் அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், உப்புத் தூவாத சாதாரண நாள் ஒன்றில் என்ன நடக்கிறது? பசிபிக் கடலின் ஈரக்காற்று நேராக வந்து காஸ்கேட் மலைத்தொடரில் மோதி மேலேறுகிறது. கடலோரம் ஆகையால் வெப்பநிலை பெரும்பாலும் சுழியத்தை ஒட்டியே நிற்கும். விழுகிற பனி ஏராளம், கனமும் அதிகம். அங்குள்ள மவுண்ட் பேக்கர் சறுக்குமலையில் 1998-99 பருவத்தில் பெய்தது 1,140 அங்குலம், அதாவது ஏறத்தாழ 29 மீட்டர். ஒரு பருவத்தில் அளவிடப்பட்ட பனிப்பொழிவில் உலகச் சாதனையாக அது பதிவாகியிருக்கிறது. அந்த ஈரப்பனிக்கு உள்ளூர்க்காரர்கள் வைத்த பெயர் காஸ்கேட் கான்கிரீட்.

இந்தப் பனியில் விளிம்பு கடிக்காது, புதையும். குளிரில் பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகியிருக்கும். நீர் ஏறியதும் அந்த ஒட்டுகள் இளகி, துகள்கள் உருண்டையாகிப் புரள்கின்றன. குளிர்ப்பனியில் செய்ததைப் போலப் பலகையைச் சட்டென்று சாய்த்து மிதித்தால், காலடிப் பனி இடிந்து பள்ளமாகிவிடும். பலகை அதற்குள் மூழ்கும். பூட்ஸ் பனியில் இழுபடும். ஆள் தூக்கி எறியப்படுவார். நீர்கோத்த பனியில் வளைவை அவசரமின்றித் தொடங்க வேண்டும், அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும், எடையை இரு கால்களிலும் சமமாகப் பரப்ப வேண்டும். சாய்வில் பேராசை கூடாது. வலிமையால் ஒப்பேற்றிக்கொண்டிருந்தவர்களின் திருப்பங்கள் இங்கே கலைந்துபோகும். நிதானத்தால் திரும்புகிறவர்களின் கோடு மட்டும் மிஞ்சும். இந்தப் பனியே தேர்வுக்களம் என்று நான் சொல்வது இதனால்தான்.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். வசந்தத்தில் இரவில் உறைந்த சரிவு, காலை வெயிலில் மேலே ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் இளகி, அடியில் கெட்டியாக இருக்கும் ஒரு பொழுது உண்டு. கார்விங்குக்கு அதைவிடச் சிறந்த பனி கிடையாது. நண்பகலுக்குள் அது போய்விடும். அதன் பிறகு வெயில் பட்ட இடம் பசையாகவும், மரநிழல் விழுந்த இடம் வழுவழுப்பாகவும் மாறி மாறி வரும். நிழலில் பாய்ந்த பலகை வெயிலில் பிடிபட்டு நிற்கும். மேலே உள்ள உடல் நிற்காது.

அப்படிப் பிடித்து இழுப்பது எது? பலகைக்கும் பனிக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் இருந்தால் வழுக்கும். நீர் மிகுந்துவிட்டால், ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொள்வது போல, அடிப்பரப்பும் பனியும் ஒன்றையொன்று உறிஞ்சிப் பிடிக்கும். இதற்கு மருந்து இரண்டு. ஒன்று மெழுகு: வெப்பப் பனிக்கென்று உள்ள மென்மையான, நீரை விலக்கும் மெழுகு. மற்றொன்று அடிப்பரப்பில் கீறப்பட்ட நுண்வரிகள். உலர்ந்த குளிர்ப்பனிக்கு மெல்லிய வரிகள் போதும். ஈரப்பனிக்கு நீர் வழிந்தோடும்படி ஆழமான வரிகள் வேண்டும். மெழுகைத் தேய்த்துவிட்டு அந்த வரிகளை அடைத்தபடியே விட்டுவிடுகிறார்கள் பலர். மெழுகு ஆறியதும் சுரண்டியால் வழித்தெடுத்து, பிறகு பித்தளை அல்லது வெண்கலத் தூரிகையால் முன்முனையிலிருந்து பின்முனை நோக்கித் துலக்க வேண்டும். மெழுகு இருக்கவேண்டிய இடம் அந்தப் பாலிஎதிலீன் அடிப்பரப்பின் உள்ளே. மேலே தடித்துக் கிடந்தால் அது இழுக்கத்தான் செய்யும்.

ஃபுளோரின் கலந்த மெழுகுகள் ஈரப்பனியில் அற்புதமாக வேலை செய்தன. ஆனால் அவை மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்கிவிடும் வேதிப்பொருள்கள். மெழுகு போடுகிறவர் மூச்சிலும் கலப்பவை. சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2023-24 பருவத்திலிருந்து போட்டிகளில் அவற்றைத் தடைசெய்துவிட்டது. வேகம் சற்றுக் குறைந்தாலும் அது சரியான முடிவு.

மெழுகோடு வேலை முடிவதில்லை. விளிம்பு எஃகுதானே. ஈரத்தோடு விட்டால் ஒரே இரவில் துரு ஏறிவிடும். உப்புத் தூவிய சரிவில் ஓடியிருந்தால் நல்ல நீரில் கழுவிவிட்டுத் துடைக்க வேண்டும். துணியால் துடைத்து, நிறுத்திவைத்து, அறை வெப்பத்தில் உலர விட வேண்டும். ஈரத்தோடு பையில் போட்டு மூடுவதும், ஹீட்டர் பக்கத்தில் சாய்த்துவைப்பதும் பலகைக்குக் கேடு. இன்னொன்று: வடமேற்கில் பனி கனமானாலும், பருவத் தொடக்கத்தில் அதன் அடியில் பாறையும் வேர்க்கட்டையும் இருக்கும். விளிம்பு அடிபட்டு நூலிழை அளவு பிளந்தாலும், அதன் வழியே நீர் உள்ளே இறங்கும். பலகையின் நடுவே இருப்பது மரம். மரம் ஊறி உப்பினால் அடுக்குகள் பிரியத் தொடங்கும். பிளவைப் பார்த்த அன்றே உலரவைத்து, எப்பாக்சி பசை இட்டு, கிளாம்ப் போட்டு இறுக்கிவைத்தால் பலகை பிழைக்கும். பைண்டிங் திருகுகளையும் ஒவ்வொரு நாளும் முடுக்கிப் பார்ப்பது நல்லது.

இனி உடம்பு. ஸ்னோபோர்டில், அதிலும் புதியவர்களிடம், அதிகம் முறிவது மணிக்கட்டு. விழும்போது கையை ஊன்றுவது இயல்பான அனிச்சை. அதுவே எலும்பை ஒடிக்கிறது. மணிக்கட்டுக் காப்பு அணிந்தால் அந்த ஆபத்து குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கையை முஷ்டியாக மடக்கி, முன்னங்கையில் விழப் பழகவும் வேண்டும். கார்விங் செய்பவர்கள் கால்விரல்பக்கத் திருப்பத்தில் கையைப் பனியில் தடவிக்கொண்டே போவது பார்க்க அழகு. ஈரப்பனியில் அந்தக் கை சிக்கும். உடல் முன்னே போக, தோள்மூட்டு பின்னே இழுபடும். நீர்கோத்த பனியில் கை பனியைத் தொட வேண்டாம்.

குதிகால்பக்க விளிம்பு எதிர்பாராமல் சிக்கினால் ஆள் மல்லாக்க விழுவார். முதலில் அடிபடுவது பின்மண்டை. தலைக்கவசம் இல்லாமல் சரிவில் இறங்கக் கூடாது என்பதில் இரண்டாம் பேச்சே இல்லை. இரு கால்களும் ஒரே பலகையில் பிணைந்திருப்பதால், பனிச்சறுக்குக்காரர்களுக்கு வருமளவு முழங்கால் காயம் இவர்களுக்கு வருவதில்லை. லிஃப்டிலிருந்து இறங்கும்போது, ஒரு கால் மட்டும் பிணைந்திருக்கும் அந்தச் சில நொடிகளில்தான் முழங்காலுக்கு ஆபத்து.

நான் அதிகம் அஞ்சுவது கணுக்காலில் வரும் ஒரு முறிவைப் பற்றி. கணுக்காலுக்குள் டேலஸ் என்றொரு எலும்பு இருக்கிறது. அதன் வெளிப்பக்கத்து நீட்சி, பலகை திடீரென்று பிடிபட்டுப் பாதம் மேல்நோக்கி மடங்கி முறுக்கும்போது, உடைகிறது. மற்றவர்களிடம் அரிதான இந்த முறிவு ஸ்னோபோர்டுக்காரர்களிடம் அடிக்கடி வருவதால், மருத்துவர்கள் இதை ஸ்னோபோர்டர் கணுக்கால் என்றே அழைக்கிறார்கள். வலியும் வீக்கமும் சாதாரணச் சுளுக்கு வரும் அதே இடத்தில், வெளிக்கணுவுக்குக் கீழே இருக்கும். சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதும் உண்டு. சுளுக்கு என்று நினைத்து நடந்துகொண்டே இருந்தால், எலும்பு சேராமல் போய், அதற்குக் கீழுள்ள மூட்டு தேய்ந்து, நிலையான வலியாகிவிடும். பலகையைச் சாய்க்கும் ஒவ்வொரு அசைவும் கணுக்கால் வழியாகத்தான் போகிறது. அந்த மூட்டு போனால் கார்விங்கும் போகும். ஈரப்பனியில் விழுந்த பிறகு வெளிக்கணுவுக்குக் கீழே விரல் வைத்து அழுத்தினால் வலித்து, காலை ஊன்ற முடியாமல் இருந்தால், எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். ஸ்னோபோர்டில் விழுந்தேன் என்று மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லி, டேலஸ் எலும்புக்கு சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்.